பதிவு செய்தால் போதுமா? கேட்பவர்களைத் தேடிச் செல்லும் வழி

கடந்த சில ஆண்டுகளாக ஊவாவின் தோட்டப் பகுதிகளிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் இளைஞர் குழுக்கள் ‘பொட்காஸ்ட்’ தொடங்குவதைக் காண்கிறோம். ஒரு கையடக்கத் தொலைபேசி, ஒரு சிறிய ஒலிவாங்கி, பேசுவதற்கு இரண்டு பேர் இருந்தால் நிகழ்ச்சி தயாராகிவிடுகிறது. ஆனால் அதை யார் கேட்கிறார்கள் என்று வினவினால் பதில் வருவதில்லை.

இக்கேள்வியை மற்றவர்களிடம் கேட்பதற்கு முன் எங்களிடமே கேட்டுக்கொள்வதுதான் நியாயம். மண்சரிவினால் வீடிழந்து புதிய இடங்களில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்காக நாங்களும் எட்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினோம். காணி உறுதி, வீட்டுத்தோட்டம், மிளகுக் கன்று நடுதல், பிள்ளைகளின் பாடசாலை மாற்றம் என்று தேவையான விடயங்கள்தாம். இரண்டு மாதங்கள் கழித்துக் கணக்கைப் பார்த்தபோது, கேட்டவர்களில் பெரும்பாலோர் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வாழும் எமது நண்பர்களாக இருந்தனர். எவருக்காகப் பேசினோமோ அவர்களில் ஒருவராவது கேட்டதாகத் தெரியவில்லை. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தாயிடம் விசாரித்தபோது, “நீங்க ரேடியோவுல பேசினீங்களா சாமி? எங்க ரேடியோ ஒடைஞ்சு ரெண்டு வருசமாச்சே” என்றார்.

அவர் மீது பிழை இல்லை. பொட்காஸ்ட் என்றால் என்ன என்பதையே நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

வானொலி குறித்த நேரத்தில் வரும். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து வைத்திருப்பவர் கேட்பார், மற்றவருக்குப் போய்விடும். பொட்காஸ்ட் அப்படியல்ல. அது பதிவுசெய்து இணையத்தில் வைக்கப்பட்ட ஒலி. தமிழில் ‘வலையொலி’ என்றும் சொல்கிறார்கள். விரும்பியபோது எடுத்துக் கேட்கலாம், தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத மலையிலும் கேட்கலாம். அமெரிக்காவின் அப்பிள் நிறுவனம் 2001இல் வெளியிட்ட ‘ஐபொட்’ என்னும் சிறிய பாட்டுப்பெட்டியின் பெயரையும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியையும் சேர்த்து 2004இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையில் எழுதப்பட்ட பெயர் இது. அந்தப் பாட்டுப்பெட்டி இன்று கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

இதன் நன்மையிலேயே இதன் குறையும் அடங்கியிருக்கிறது. சங்கக் கடையில் சாமான் வந்து இறங்கியிருக்கலாம். வந்திருக்கிறது என்று ஊருக்குத் தெரியாவிட்டால் அது களஞ்சியத்திலேயே கிடக்கும். வானொலியைத் திறந்தவருக்கு எதுவோ ஒன்று காதில் விழும். பொட்காஸ்டைத் தேடிப் போகாதவருக்கு எதுவுமே விழாது. எனவே ‘பிரசாரம்’ என்பது இங்கே பெருமைக்காகச் செய்வதல்ல. அதுவும் வேலையின் பாதி.

கிராந்துருகோட்டையில் நடந்தது

இந்தப் பிரச்சினை எமது மாவட்டத்துக்குப் புதிதல்ல. துரித மகாவலித் திட்டத்தின் கீழ் கொத்மலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் 1985இல் நிறைவு பெற்றன. நீரில் மூழ்கிய ஊர்களின் மக்கள் பலர் வறண்ட வலயத்துக்கு அனுப்பப்பட்டனர். விக்டோரியாவில் காணி இழந்தோரில் பலர் பதுளை மாவட்டத்தின் வடபுறத்தில், மகாவலி ‘சி’ வலயத்திலுள்ள கிராந்துருகோட்டைப் பகுதியில் குடியேறினர். தம்பானையைச் சேர்ந்த வேடுவக் குடும்பங்கள் சிலவும் காடு 1983இல் மாதுரு ஓயா தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டபோது இதே வலயத்துக்குள் கொண்டுவரப்பட்டன. மலைநாட்டு மண்ணைக் கொத்தியவர்களுக்கு வாய்க்கால் நீர்ப்பாசனம் புதிது, மலேரியா புதிது, அடுத்த வீட்டாரும் புதியவர்.

இவர்களுக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி என்ற முயற்சி தொடங்கப்பட்டது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் அதை நடத்தியது. யுனெஸ்கோவும் டென்மார்க் அரசின் உதவி நிறுவனமும் கைகொடுத்தன. அவர்கள் கையாண்ட முறைதான் நாம் கவனிக்க வேண்டியது. கொழும்பு நிலையத்தில் இருந்துகொண்டு விவசாயிக்குப் புத்தி சொல்வதை அவர்கள் முதன்மையாக்கவில்லை. தயாரிப்பாளர் குழு ஒலிப்பதிவுக் கருவிகளோடு குடியேற்றக் கிராமத்துக்குச் சென்று, சில நாட்கள் அங்கேயே தங்கி, மக்களோடு உண்டு, அவர்கள் பேச்சையும் பாட்டையும் நாடகத்தையும் முறைப்பாட்டையும் பதிவு செய்தது. மைக்கின் முன்னால் நின்றவர்கள் அந்த ஊரவர்களே. தன் மச்சானின் குரல் வரப்போகிறது என்றால் ஒருவர் வானொலியைத் திறக்காமல் இருப்பாரா? அதைவிடச் சிறந்த விளம்பரம் எது?

1986இல் கிராந்துருகோட்டையிலேயே ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையம் அமைந்தது. 1989இல் கொத்மலையிலும் ஒன்று வந்தது. கொத்மலை நிலையம் பின்னர் உலகளவில் பேசப்பட்டது. இணையம் என்றால் என்னவென்று கிராமங்கள் அறியாத 1999ஆம் ஆண்டளவில், யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கே ஒரு புதுமை நடந்தது. நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மக்கள் மொழியில் வானொலியில் விளக்குவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் மக்கள் இலவசமாக இணையம் பார்க்கவும் வசதி செய்யப்பட்டது. கணினி வீட்டுக்கு வரவில்லை. பதில் வீட்டுக்கு வந்தது.

இவற்றை அளவுக்கு மீறிப் புகழவும் நாங்கள் விரும்பவில்லை. இந்நிலையங்கள் அரசின் கூட்டுத்தாபனத்துக்கே சொந்தம். ‘சமூக வானொலி’ என்ற பெயர் இருந்தும் சமூகத்தின் கையில் சாவி இருக்கவில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அது நியாயமான குறைதான். கிராந்துருகோட்டை பெரும்பாலும் சிங்களத்திலேயே பேசியது. பசறை, மடுல்சீமைத் தோட்ட மக்களுக்கு அது அயலூர்க் குரலே. இருப்பினும் ‘முதலில் போய்த் தங்கு, பிறகு பதிவு செய்’ என்ற முறையை எவரும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் எட்டு நிகழ்ச்சிகளில் பேசியவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தோம். இரண்டு அலுவலர், ஒரு ஆசிரியர், மீதியெல்லாம் நாங்கள்.

கூடிக் கேட்டவர்கள்

இன்னொரு பழைய பாடமும் உண்டு. கனடாவில் 1941 முதல் 1965 வரை பண்ணை வானொலி மன்றம் என்ற ஏற்பாடு இருந்தது. திங்கட்கிழமை இரவில் அயல்வீட்டார் ஒரு வீட்டில் கூடி நிகழ்ச்சியைக் கேட்பார்கள். கேட்டபின் விவாதிப்பார்கள். தங்கள் முடிவை எழுதி அனுப்புவார்கள். அது பின்னர் வானொலியில் வாசிக்கப்படும். இம்முறையை இந்தியாவில் 1956இல் புனேயைச் சுற்றியுள்ள மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் பரீட்சித்தார்கள். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி, பத்து வாரம். வானொலிப் பெட்டி மட்டும் இருந்த ஊர்களைவிட, கூடிக் கேட்டுப் பேசிய ஊர்களில் மக்களின் அறிவு வெகுவாக உயர்ந்ததென ஆய்வில் தெரிந்தது. பெட்டி ஒன்றுதான், கூடியிருந்து பேசியதுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூர்ப் பகுதியில் 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் பரவியபோது, விவசாயிகள் அதை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். வானொலி விவசாய நிகழ்ச்சிகளின் வழியாக அறிந்துகொண்ட நெல் என்பதால் அந்தப் பெயர். விதைக்கே பெயர் சூட்டும் அளவுக்கு நேயர்கள் ஒரு நிகழ்ச்சியைத் தமதாக்கிக்கொண்டார்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை நினைத்துப் பாருங்கள். பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் வாசிக்கப்பட்ட பெயர்ப் பட்டியலைக் கேட்கப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் மக்கள் காத்திருந்தார்கள். பாட்டு எல்லா நிலையங்களிலும் ஒலித்தது. தன் பெயரையும் ஊரையும் இங்கேதான் கேட்க முடிந்தது.

ஆகவே நாங்கள் எமது முறையை மாற்றினோம். இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தவில்லை. அதை கடைசி வேலையாக்கினோம். முதல் வேலை, மாதம் இருமுறை ஆட்கள் ஏற்கெனவே கூடும் இடத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டியோடு போவது. கொழுந்து மடுவத்தில் மாலை நிறுவைக்கு வரிசையில் நிற்கும் நேரம், பிள்ளை மடுவத்துக்குத் தாய்மார் வரும் நேரம், மரண உதவிச் சங்கத்தின் மாதக் கூட்டம், கோயில் திருவிழாவின் அன்னதானத்துக்கு முந்திய அரைமணி. (எங்கள் ஆலயத்தை விட மாரியம்மன் கோயில் முற்றத்தில்தான் கூட்டம் அதிகம் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறோம்.) நிகழ்ச்சியின் நீளத்தை நாற்பது நிமிடத்திலிருந்து பன்னிரண்டு நிமிடமாகக் குறைத்தோம். கேட்டு முடிந்ததும் இருபது நிமிடம் பேச்சு. அந்தப் பேச்சையே, சம்மதம் கேட்டுப் பதிவுசெய்து, அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கமாக வைக்கிறோம்.

பெயரையும் மாற்றினோம். முதலில் வைத்த பெயர் அகராதியைப் புரட்டித் தேடியது. அதைச் சொல்லவே மக்கள் கூச்சப்பட்டார்கள். வாயில் வராத பெயரை ஒருவர் இன்னொருவருக்கு எப்படிச் சொல்வார்?

தொலைபேசி யார் கையில்?

இனி, நிகழ்ச்சியைக் கைக்குக் கை சேர்ப்பது பற்றிச் சில நடைமுறை விடயங்கள். வீட்டில் தொலைபேசி இருக்கிறது என்பதால் தாய் கேட்பார் என்று எண்ணிவிட வேண்டாம். நல்ல தொலைபேசி பெரும்பாலும் மகன் கையில். அவர் கொழும்பில் வேலை செய்தால் தொலைபேசியும் கொழும்பில். தாயிடம் இருப்பது பொத்தான் அமுக்கும் பழைய வகை. அதிலும் நினைவட்டை போடும் இடம் இருந்தால் ஒலிக்கோப்பைக் கேட்கலாம். பன்னிரண்டு மாதத்து நிகழ்ச்சிகளை ஒரு சிறிய அட்டையில் ஏற்றிக்கொடுக்க ஒரு தொலைபேசிக் கடைக்காரர் உதவினால் போதும். டேட்டாச் செலவு இல்லை.

டேட்டா பற்றியும் கணக்குப் பார்க்க வேண்டும். பேச்சு மட்டும் உள்ள நிகழ்ச்சியை எம்பி3 கோப்பாக, ஒற்றைத் தடத்தில், விநாடிக்கு 64 கிலோபிட் அளவில் சேமித்தால் 15 நிமிடம் ஏறக்குறைய 7 எம்பி வரும். 32 கிலோபிட்டில் 4 எம்பிக்கும் குறைவு. அதையே படத்துடன் யூடியூபில் பார்த்தால் பல மடங்கு செலவாகும். ரீலோட் போட நூறு ரூபாய் எண்ணிப் பார்க்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிது. பேச்சுக்கு உயர்ந்த தரம் தேவையில்லை. ஆனால் காற்றிரைச்சலும் தகரக் கூரையில் மழைச் சத்தமும் இல்லாமல் பதிவு செய்வது அவசியம்.

வட்ஸ்அப்பில் அனுப்புவதானால் இரண்டு வழிகள் உண்டு. குழு அமைத்தால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்து இளம்பெண்ணின் எண் முன்பின் தெரியாத ஐம்பது பேருக்குப் போவது நல்லதல்ல. ஒரு தடவை நாங்களே இந்தத் தவறைச் செய்து, இரவில் வந்த தொல்லை அழைப்புகளால் இரண்டு பிள்ளைகள் குழுவை விட்டே விலகினார்கள். மற்றது ‘புரோட்காஸ்ட் லிஸ்ட்’ எனப்படும் பட்டியல். அதில் எண்கள் மறைந்திருக்கும். ஆனால் எமது எண்ணைத் தமது தொலைபேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஒரு பட்டியலில் 256 பேர்தான். ஆகவே துண்டுப்பிரசுரத்தில் ‘எங்கள் நிகழ்ச்சியைக் கேளுங்கள்’ என்று அச்சிடுவதைவிட, ‘இந்த எண்ணை உங்கள் தொலைபேசியில் பெயரோடு சேமியுங்கள்’ என்று அச்சிடுவதே பயன் தரும். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து மாதம் பிடித்தது! பசறை வழியில் ஓடும் பஸ் சாரதிகளிடமும் முச்சக்கரவண்டி நிறுத்தத்திலும் ஒலிக்கோப்பைக் கொடுத்துப் பாருங்கள். எல்லோரும் போட மாட்டார்கள். இருவர் போட்டாலே ஒரு பஸ் நிறைந்த நேயர்கள்.

தேதியைச் சொல்லுங்கள்

ஒரு விடயத்தில் மட்டும் கடுமையாகவே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வானொலிச் செய்தி காற்றோடு போய்விடும். பதிவு அழியாமல் கைமாறிக்கொண்டே இருக்கும். சென்ற மழைக்காலத்தில் பேசிய ‘இன்றிரவு அவதானமாக இருங்கள்’ என்ற வாக்கியம் ஆறு மாதத்துக்குப் பின் ஒரு லயத்தில் ஒலித்தால் என்ன நடக்கும்? ஒரு தடவை பயந்து ஓடுவார்கள். மறுதடவை உண்மையான எச்சரிக்கை வரும்போது ‘இது பழைய பதிவு’ என்று படுத்துவிடுவார்கள். ஆகையால் ஒவ்வொரு நிகழ்ச்சியின் தொடக்கத்திலும் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் சொல்ல வேண்டும். நடுவில் மீண்டும் ஒருமுறை சொன்னால் இன்னும் நல்லது.

மண்சரிவு அபாயம் பற்றிய அன்றன்றைய எச்சரிக்கையைப் பொட்காஸ்டில் விடுவதே கூடாது. அது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணி. இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விபரம் அறியலாம். பொட்காஸ்டில் சொல்லக்கூடியது என்றும் மாறாத அறிவு: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும் என்பன போன்றவை. நேரான பக்கங்களுடைய ஒரு தகர டப்பாவும் அடிமட்டமும் இருந்தால் லயத்து வாசலிலேயே மழையை அளக்கலாம் என்று செய்து காட்டிய நிகழ்ச்சிதான் எங்கள் நேயர்கள் அதிகம் கேட்டுக் கைமாற்றியது.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணுக்குள் போனதை எவரும் மறக்க மாட்டார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அறிவித்ததாக அதிகாரிகள் பின்னர் கூறினர். போவதற்கு மாற்றுக் காணி எங்கே தந்தீர்கள் என்று மக்கள் கேட்டனர். அறிவிப்பு ஒரு பக்கமாகவே போயிருக்கிறது. ‘எங்கே போவது’ என்ற மறுகேள்வி திரும்பி வரும் பாதை இருக்கவில்லை. அதன் பின்னும் 2023 மார்ச்சில் பூனாகலையில் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல்மழையில் பதுளை மாவட்டம் மீண்டும் பல உயிர்களைப் பறிகொடுத்தது. அந்நாட்களில் மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் செயலிழந்தன. தொலைபேசியையே நம்பிய எமது வேலை அந்த வாரத்தில் ஒன்றுக்கும் உதவவில்லை என்பதையும் எழுதிவைக்கிறோம். கோயில் மணியும் ஒலிபெருக்கியும் கால்நடையாக ஓடிய பிள்ளைகளும்தான் உதவினர்.

திரும்பி வரும் குரல்

நேயருடன் உறவு என்பது அவர் பேசுவதற்கு வழி செய்வதே. மத்திய இந்தியாவின் சத்தீஸ்கரில் 2010இல் தொடங்கிய சி.ஜி.நெற் ஸ்வரா என்ற ஏற்பாட்டில், ஆதிவாசி மக்கள் ஒரு எண்ணுக்கு மிஸ்கோல் கொடுப்பார்கள். கணினி திரும்ப அழைக்கும். ஒன்றை அமுக்கினால் தம் செய்தியைப் பதியலாம், இரண்டை அமுக்கினால் மற்றவர் பதிந்ததைக் கேட்கலாம். சாதாரண தொலைபேசியே போதும், காசும் போகாது. எங்களிடம் அப்படிக் கணினி ஏற்பாடு இல்லை. மிஸ்கோல் வந்தால் ஒரு தங்கை மாலையில் திரும்ப அழைத்துக் கேள்வியைக் கொப்பியில் எழுதிக்கொள்கிறார். எழுதத் தெரியாதவரும் வட்ஸ்அப்பில் குரலாக அனுப்புகிறார். பெயரை வாசிக்கலாமா என்று கேட்ட பின்பே வாசிக்கிறோம். நட்டஈடு, காணித் தகராறு பற்றிய பேச்சானால் குரலையே மாற்றி வேறொருவர் வாசிப்பார்; பெயரை மறைத்தாலும் குரலை ஊர் அறியும்.

எதிர்பாராத நேயர்களும் வந்தார்கள். 1964 ஒப்பந்தத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டு நீலகிரியில் குடியமர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், 1977இலும் 1983இலும் வன்முறைக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய் அங்கே காடு வெட்டி விவசாயிகளானவர்கள், தம் பழைய தோட்டத்தின் பெயர் காதில் விழுந்ததென்று குரல் அனுப்பினார்கள். கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் அரசியல் எதுவும் பேசவில்லை. லுணுகலைப் பக்கத்தில் தாம் பிறந்த லயத்துக்கு முன்னால் நின்ற பலாமரம் இன்னும் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் போய்ப் பார்த்தார்கள். மரம் இல்லை. அதையும் அப்படியே சொன்னோம். அந்த நிகழ்ச்சிக்குத்தான் அதிகமான குரல்கள் திரும்பி வந்தன.

விவசாயக் கேள்விகளுக்குப் பதில் தேடுவது பெரும்பாலும் எளிது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கம் இருக்கிறது. கடினமானவை காணிக் கேள்விகள். எங்கள் மூன்றாவது நிகழ்ச்சியில், புதிய வீடு கிடைத்தும் உறுதிப் பத்திரம் கைக்கு வராத ஒரு விதவைத் தாயின் கேள்வியை வாசித்து, ‘அடுத்த முறை பதில் தருகிறோம்’ என்று சொன்னோம். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு இருமுறை போனோம்; பதில் கிடைக்கவில்லை. வெட்கத்தினால் அடுத்த நிகழ்ச்சியில் அதைப் பற்றிப் பேசாமல் விட்டோம், அதற்கடுத்ததிலும் விட்டோம். அந்த வரிசை வீடுகளில் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள் என்று பின்னர்தான் அறிந்தோம். பதில் இல்லை என்பதை அவர்கள் பொறுத்திருப்பார்கள். கேட்டதை நாங்கள் மறந்துவிட்டதாக எண்ணியதைத்தான் பொறுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு நிகழ்ச்சியின் இறுதியிலும் பதில் கிடைக்காத கேள்விகளைத் திகதியோடு வாசிக்கிறோம். யாரிடம் போனோம், என்ன சொன்னார்கள் என்பதையும் சொல்கிறோம். அந்தத் தாயின் கேள்வி அப்பட்டியலில் முதலாவது. சென்ற மாதம் மேலும் பதினொரு வீட்டார் தங்களுடையதும் அதே கேள்விதான் என்று குரல் அனுப்பினார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவாக எழுதிக் கையொப்பமிட்டு, நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பொதுமக்கள் தினத்தன்று அதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாங்கள் கூடப் போகிறோம்; ஒலிப்பதிவுக் கருவியை வெளியிலேயே வைத்துவிட்டுப் போகும்படி அந்தத் தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார்.